கைத்தறியும் பொருளியல் கொள்கைகளும்

ஒரு தேசத்தின் உற்பத்தி, வேலை, விலை, முதலீடு ஆகியவற்றைத் திரட்டி ஆராயும் பேரியல் பொருளாதாரத்தின் முரண்பட்ட கொள்கைகள், தமிழகத்தில் நெசவாளனின் தறிக்குழியைச் சுற்றியே பெரிதும் வாதிடப்பட்டன.



பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணியால் இந்திய நெசவு அழிந்தது என்றார் பொருளாதார வரலாற்றாசிரியர் ரமேஷ் சந்திர தத்தர். 1963-இல் மற்றொரு வரலாற்றாசிரியரான மாரிஸ் டி. மாரிஸ், மலிவான ஆலைநூல் தறிகளுக்குத் துணைநின்றிருக்கலாம் என்று அதை ஐயுற்றார். இவ்விவாதம் இன்றும் ஓய்ந்ததாகக் கூறுவதற்கில்லை.

கைத்தறி பற்றிய கொள்கை வாதங்களுக்கு விரிவான ஆவணங்கள் உள்ள காலம் 1952 முதல் 1956 வரையிலானது. துணி தேங்கி நெசவாளர் தவித்த அந்நாளில், முதலமைச்சர் ராஜாஜி வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று வாதாட, மத்திய அரசு 1953-இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி, அதாவது வெறும் காலணா, மேல்வரி விதித்து அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கியது. கைத்தறிகள் படிப்படியாக விசைத்தறிகளாக மாறுவதே உசிதம் என்றது ஜவுளித் தொழிலை ஆராய்ந்த 1954-இன் கனுங்கோ குழு. கிராமச் சிறுதொழில்களை ஆராய்ந்து, வேலையின்மையே முதல் வியாதி என்று கருதிய கார்வே குழு, மறு ஆண்டிலேயே ஆலைநெசவுக்கு வரம்பு கட்டச் சொன்னது.

புள்ளியியலாளர் மகலனோபிஸ் வகுத்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் தர்க்கம் நுட்பமானது: மூலதனம் கனரகத் தொழிலுக்குச் செல்லும், அங்கே பெறும் கூலி சந்தையில் துணி கேட்கும், புது ஆலை எழுப்பாமலே அத்துணியைக் குறைந்த முதலீட்டில் கைத்தறி நெய்து தரும். பற்றாக்குறை நிதியால் விலை ஏறும் என்று பொருளியலாளர் பி.ஆர். ஷெனாய் 1955-இல் மறுப்புக் குறிப்பு எழுதினார். உணவும் உடையுமே வளர்ச்சியின் அடிப்படை முதல் என்றனர் பொருளியலாளர்கள் சி.என். வக்கீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும். கிராமக் கைத்தொழிலைத் தற்சார்புடைய நிரந்தரப் பொருளாதாரமாகக் கண்ட தஞ்சாவூர் ஜே.சி. குமரப்பாவோ, இவர்கள் எல்லோருக்கும் அப்பால் நின்றார்.

அவ்விவாதங்கள் பெரும்பாலும் பருத்தி பற்றியவை. பட்டு நெசவு நடக்கும் தமிழக ஊரான ஆரணியின் தறிக்கோ கர்நாடகத்துக் கச்சாப் பட்டும் சூரத்துச் சரிகையும் வேண்டும். அவற்றின் விலை ஏறினால் முதலாளியின் கைமுதல் அதில் முடங்கிவிடும், பாவு கிடைக்காத நெசவாளனுக்குக் கூலியும் தடைப்படும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவோருக்கு மழை மேகமும் ஒரு பொருளாதாரக் காரணமே.

அரசுக் கொள்கை அளித்த பாதுகாப்பும் காலப்போக்கில் குறுகியது: 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட 22 வகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது.