ஆட்டமும் பிடியும்: புத்தளக் கரையோரத் தமிழில் நடுக்க வினைகள்

கற்பிட்டியில் ஒருநாள் வள்ளத்தில் ஏறும்போது எனக்குக் கால் தடுமாறியது. விளிம்பைப் பற்றினேன், வள்ளம் என் பக்கம் சரிந்தது. எஞ்சினுக்கருகே இருந்த முதியவர், “தம்பி, வள்ளம்டா ஆடத்தான் செய்யும். அது ஆடட்டும், நீங்க நடுங்காமக் குந்துங்க” என்றார். வள்ளத்துக்கு ஒரு வினை, எனக்கு ஒரு வினை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் தமிழாகவே இராது.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் ‘ஷேக்’ என்ற சொல்லுக்கு எதிரே ஆடு, அசை, குலுங்கு, நடுங்கு, அதிர் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். மாணவன் கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறான். இந்த வினைகளைப் பிரிப்பது அசைவின் வேகமும் அளவும் என்றுதான் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறோம்: நடுக்கம் சிறிது, ஆட்டம் பெரிது, குலுக்கல் பலமானது. இது தவறு என்பது என் வாதம். தமிழ் கேட்கும் கேள்விகள் வேறு. அசையும் பொருளுக்குப் பிடி எங்கே? அசைக்கும் விசை உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா?

ஆடுவதற்கு ஒரு பிடி வேண்டும். பல் ஆடுகிறது, ஏனெனில் வேர் இன்னும் முரசில் இருக்கிறது. விழுந்த பல் ஆடாது. கதிரையின் கால், ஊஞ்சல், தென்னோலை, நங்கூரமிட்ட வள்ளம் எல்லாம் ஓரிடத்தில் பிடிபட்டு மறுபுறம் அலைபவை. உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக் காலத்தில் உருவேறி ஆடுபவரைப் பற்றிச் சொல்வதும் இதே வினையால்தான். பேய் விஷயத்தில் தமிழ் இன்னும் வெளிப்படை: பேய் பிடித்து ஆட்டுகிறது. முதலில் பிடி, பிறகு ஆட்டம்.

குலுங்குவதற்குப் பிடி வேண்டாம். வெளியிலிருந்து விசை வந்து, பொருள் தன் உள்ளீட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். பள்ளத்தில் விழுந்த பஸ் குலுங்குகிறது, சிரிப்பில் வயிறு குலுங்குகிறது. ஆங்கிலேயர் முகமன் செய்யும் முறையைத் தமிழாக்க வேண்டி வந்தபோது ‘கை குலுக்குதல்’ என்றோம், ‘கையாட்டுதல்’ என்று சொல்லவில்லை. தோளில் பிடியிருக்கத் தனிக் கை அலைந்தால் அது கையாட்டல், விடைபெறும் சைகை. தலையோ கழுத்தில் பிடிபட்டது. ஆகவே அதை ஆட்டத்தான் முடியும். (ஆங்கிலத்தில் தலையை ‘ஷேக்’ செய்தால் மறுப்பு, தமிழில் தலையாட்டினால் பெரும்பாலும் சம்மதம். எத்தனை மொழிபெயர்ப்பு நாவல்களில் மறுத்த கதாநாயகி சம்மதித்துவிட்டாள்!)

அடுத்தது விசை. ஆடு–ஆட்டு, குலுங்கு–குலுக்கு, அசைந்தது–அசைத்தது என வெளிவிசை வினைகள் தன்வினை, பிறவினை இணைகளாக வருகின்றன. விசை உள்ளிருந்து வரும் வினைகளுக்கு இந்த இணை வாய்ப்பதில்லை: தள்ளாடு என்பதற்கு ‘தள்ளாட்டு’ இல்லை. துடிக்கிறவனைத் துடிக்க வைக்கலாம்; அதற்கு வேறு வழியில்லை. நடுங்கு இரண்டுக்கும் நடுவே நிற்கும் சுவையான வினை. நடுக்கு என்ற பிறவினை உண்டு, குளிர் உடம்பை நடுக்கும். ஆனால் இன்றைய பேச்சில் ஒரு மனிதன் இன்னொருவனை நடுக்குவதில்லை, நடுங்க வைக்கிறான். உடம்புக்குள் புகுந்து வேலைசெய்யும் காரணிக்கு மட்டுமே பிறவினை வாய்க்கிறது.

இது தமிழின் தனிச்சொத்து என்று மார்தட்ட வேண்டியதில்லை. மொழியியலாளர்கள் பெத் லெவினும் மல்கா ராப்பபோர்ட் ஹோவாவும் 1995 இல் வெளியிட்ட நூலில், ஆங்கில வினைகளை உட்காரணம் உடையவை, புறக்காரணம் உடையவை எனப் பிரித்தார்கள். காற்று இலையை ‘ஷேக்’ செய்யலாம், ‘ட்ரெம்பிள்’ செய்ய முடியாது. பிரிவு அங்கும் உண்டு. ஆனால் ‘ஷேக்’ தன்வினையாகவும் பிறவினையாகவும் ஒரே உருவில் நிற்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதே கரையோரத்துச் சிங்களத்தில் அது காதிலேயே விழும்: ஊஞ்சலை ஆட்டினால் ‘பத்தனவா’, தானே ஆடினால் ‘பெத்தெனவா’. சிலாபம் சந்தையில் இரு மொழியிலும் விலை பேசுபவருக்கு ஆடு–ஆட்டு புதிதல்ல. இப்படிப்பட்டவருக்கு ஆங்கிலத்தின் ஒற்றை உருவம்தான் விசித்திரம்.

மரபிலக்கணம் இதை எப்படிப் பார்த்தது? தொல்காப்பிய உரியியல், அலமரல், தெருமரல் இரண்டுக்கும் சுழற்சி என்றும், அதிர்வு, விதிர்ப்பு என்பவற்றுக்கு நடுக்கம் என்றும் பொருள் சொல்கிறது. ஆடு, குலுங்கு அங்கே இல்லை. வெளிப்படையான சொல்லுக்கு விளக்கம் வேண்டா என்பது அந்த இயலின் கொள்கை. ஆனால் நிலையின்மைச் சொற்களைச் சுழற்சி, நடுக்கம் என்று இரண்டு தனிக் கூடைகளில் போட்டதைக் கவனிக்க வேண்டும். ‘ஷேக்’ என்ற ஒரே கூடை தொல்காப்பியருக்குத் தேவைப்படவில்லை. அதிர்வை நடுக்கத்தோடு சேர்த்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை, இன்றைய வழக்கை வைத்துப் பார்க்கும்போது. அதிர்வது ஓசையோ அடியோ ஒரு திண்பொருளுக்குள் பாய்வது. நடுங்குவதற்கு உயிர் வேண்டும். நிலம் நடுங்கும் என்பது உருவகம். இலங்கைச் செய்தித்தாள் ‘பூமியதிர்ச்சி’ என்று எழுதும்போது உருவகம் இல்லாமலே வேலை முடிகிறது.

இலங்கைத் தமிழின் இன்னொரு சொல்லுக்கு இங்கே இடம் கொடுக்க வேண்டும்: தளம்பு. நீர் நிறைந்த பாத்திரத்தில் பாத்திரம் நிலைத்தும் உள்ளே இருப்பது நிலைகொள்ளாமலும் இருக்கும் நிலை அது. குலுங்குதலில் கொள்கலமும் உள்ளீடும் சேர்ந்து அசைய, இங்கே உள்ளீடு மட்டும் அசைகிறது. வானிலை அறிக்கையில் வங்காள விரிகுடாவின் ‘தளம்பல் நிலை’ என்று கேட்கிறோம். பொருளியல் பாடநூலில் ‘விலைத் தளம்பல்’ படிக்கிறோம். தமிழ்நாட்டார் இரண்டாவதை ‘ஏற்ற இறக்கம்’ என்பர், அதில் மேலும் கீழும் மட்டுமே தெரிகிறது. தளம்பலில் கரைக்குள் அடங்கிய நீரின் பதற்றமும் தெரிகிறது. புத்தளம் களப்பைப் பார்த்தவருக்கு இந்தச் சொல்லின் நியாயம் விளங்கும். மேற்கே கடல் கொந்தளிக்கும் சோளகக் காலத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் மறைவில் கிடக்கும் களப்பு தளம்பும். கொந்தளிப்புக்குக் கரை தெரியாது.

தமிழ் உலகை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஒருவர் இந்தக் கரையிலேயே உண்டு. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கையின் ஊர்களை ஆங்கிலத்தில் அகரவரிசையாக்கினார். 1859 இல் தமிழ்ப் புலவர்களையும் அப்படியே. ஊரையும் ஆளையும் மொழி மாற்றுவது இலகு. வினைச்சொல்லை அப்படித் தூக்கி வைக்க முடியாது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு சொல்லை மறைப்பது நேர்மையல்ல: உதறு. வலை உதறுவதைப் பார்த்தால் அது முற்றிலும் பிறவினை. இருவர் வலையின் இரு ஓரத்தையும் பிடித்து, மணிக்கட்டை வெட்டி, கண்ணியில் சிக்கிய சூடை மீனைத் தெறிக்க விடுவார்கள். செதில் வெள்ளிப்பொடிபோல் முழங்கைவரை ஒட்டும். செய்பவர் உண்டு, செயப்படுபொருள் உண்டு. ஆனால் அதே ஆள் காய்ச்சலில் கிடக்கும்போது ‘கை உதறுது’ என்கிறார். இங்கே உதறுபவர் யார்? பிறவினை உருவம் தன்வினையாகிவிட்டது, ‘உதறல் எடுக்குது’ என்று பெயராகவும் ஆகிவிட்டது. பிடித்ததை விடுவிக்கும் அசைவு என்று பொருள் விரித்து இதைச் சமாளிக்கலாம்: வலை மீனை விடுவது போலக் கை தன் கட்டுப்பாட்டை விடுகிறது. இந்த விளக்கம் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. வலை உதறும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, கையை நிறுத்தாமல், “காச்சல்ல கை தானா உதறுது, வலைய நாந்தான் உதறணும்” என்றார்.