நியூயார்க்கின் நிலைபிரிக்காத வகுப்புகளும் எலிசபெத் ஃபாரெலும்

எலிசபெத் ஃபாரெல் (1870–1932) நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வியை உருவாக்கி, நகரம் முழுவதும் பரப்பி, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அதற்குத் தலைமை தாங்கிய ஆசிரியர். சிறப்புக் குழந்தைகளின் கல்விக்காக 1922இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆசிரியர் கழகத்தின் முதல் தலைவரும் இவரே. பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைப்பது இவருக்கு முன்பே உண்டு. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அத்தகைய பள்ளிகள் நடந்தன. அமெரிக்காவிலேயே ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1896இல் ஒரு வகுப்பு தொடங்கப்பட்டிருந்தது. ஒரு வகுப்பறையில் பலன் தந்த முறையைப் பல பள்ளிகளில் நடக்கும் ஏற்பாடாக மாற்றியதே ஃபாரெலின் தனிப் பணி. அந்த மாற்றத்தில் எது கிடைத்தது, எது கைநழுவியது என்பதை அவருடைய வரலாறு காட்டுகிறது.

ஹென்றி தெருவில் ஒரு வகுப்பு

நியூயார்க் மாநிலத்தின் யூட்டிக்கா நகரில் பிறந்த ஃபாரெல், ஆஸ்விகோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து 1895இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் ஒனைடா காசில் என்ற சிற்றூரில் ஆசிரியராகப் பணியாற்றினார். அது நம் ஊர் ஓராசிரியர் பள்ளியைப் போன்றது. ஆறு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒருவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான், மற்றொருவன் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். ஆசிரியர் ஒவ்வொருவரையும் அவரவர் இருக்கும் இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். அங்கே 'இந்த வயதுக்கு இந்த வகுப்பு' என்ற அளவுகோலே இல்லாததால் 'பின்தங்கியவன்' என்ற பெயருக்கும் இடமில்லை. கிராமத்தில் கற்ற இந்தப் பாடத்தைத்தான் ஃபாரெல் பின்னர் மாநகருக்குக் கொண்டுவந்தார்.

1899இல் அவர் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் ஹென்றி தெருவிலிருந்த பொதுப் பள்ளி எண் 1இல் சேர்ந்தார். கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. கட்டாயக் கல்விச் சட்டம் 1874லேயே வந்துவிட்டது. 1894இல் அது கடுமையாக்கப்பட்டபின், அதுவரை பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகளும் வகுப்புகளில் வந்து அமர்ந்தனர். ஆங்கிலம் தெரியாதவர், பலமுறை தோற்று அதே வகுப்பில் இருப்பவர், காது சரியாகக் கேளாதவர், அடங்காதவர் எனப் பெயரெடுத்தவர், உண்மையிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவர் எல்லோரும் அதில் இருந்தனர். ஐம்பது, அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியரால் இவர்களைக் கவனிக்க இயலவில்லை. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வந்தது. வந்த பிள்ளையை என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

எந்த வகுப்பிலும் ஒட்டாத பையன்களை எல்லா வகுப்புகளிலிருந்தும் எடுத்து ஃபாரெல் ஒரு தனி வகுப்பு அமைத்தார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ளவர்கள் அதில் இருந்தனர். புத்தகங்களை ஒதுக்கிவிட்டு மரமும் கருவிகளும் தகர டப்பாக்களும் வண்ணங்களும் படப் புதிர்களும் கொடுத்தார். பையன்கள் பெட்டி செய்யும்போது அளவெடுக்க வேண்டியிருந்தது, அளவெடுக்கக் கணக்கு வேண்டியிருந்தது. தான் செய்ததற்குப் பெயர் எழுத எழுத்து தேவைப்பட்டது. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எனப் பிரிக்காததால் இதற்கு 'அன்கிரேடட் கிளாஸ்' என்று பெயர் வந்தது. தமிழில் இதை நிலைபிரிக்காத வகுப்பு எனலாம். 'மந்த வகுப்பு' என்றோ 'குறையுடையோர் வகுப்பு' என்றோ பெயர் வைக்காதது தற்செயல் அன்று. பையனின் குறையைச் சொல்லாமல் வகுப்பின் அமைப்பை மட்டும் சொல்லும் பெயர் அது.

செவிலியரும் மதிய உணவும்

பள்ளிக்கு அருகில் செவிலியர் லிலியன் வால்ட் நடத்திய ஹென்றி தெரு செட்டில்மென்ட் என்னும் சமூகப் பணி இல்லம் இருந்தது. வால்டும் அவருடன் பணியாற்றிய செவிலியர்களும் ஏழைகளின் வீடுகளுக்கே சென்று மருத்துவம் பார்த்தவர்கள். ஃபாரெலின் முயற்சிக்கு அவர்கள் முதலிலிருந்தே துணை நின்றனர். வகுப்புக்கு வேண்டிய பொருள்கள், பிள்ளைகளுக்கு மதிய உணவு, கல்வி வாரியத்திடம் பரிந்துரை எனப் பல உதவிகள் அங்கிருந்து வந்தன. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இவர்கள் அறிக்கை எழுதி நிறுவ வேண்டியிருக்கவில்லை. தெருவிலேயே அதைப் பார்த்தனர்.

மாணவர் நலப் பணி பல பள்ளிகளுக்கும் சென்ற கதை இந்த இல்லத்தில்தான் தொடங்குகிறது. அந்நாளில் பள்ளி மருத்துவர் வருவார், கண்நோய், சொறி, பேன் உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மருந்து போடவோ வீட்டில் விசாரிக்கவோ ஆள் இல்லை. அனுப்பப்பட்ட பிள்ளை வாரக்கணக்கில் தெருவில் திரியும். 1902 அக்டோபரில் வால்ட் தம் இல்லத்தின் செவிலியர் லைனா ராஜர்ஸை நான்கு பள்ளிகளுக்குச் சோதனை முறையில் அனுப்பினார். ஒரே செவிலியர் நான்கு பள்ளிகளையும் சுற்றினார். சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார், மாலையில் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் பலன் தெரிந்ததும் நகரம் மேலும் செவிலியர்களை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 1,101 பேர்.

சில ஆண்டுகளில், பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பாலமாக இருக்கும் 'வீடு செல்லும் ஆசிரியர்' என்ற பணியும் நகரின் சமூகப் பணி இல்லங்களிலிருந்தே தோன்றியது. பள்ளிச் சமூகப் பணியாளர் என இன்று அழைக்கப்படுவோரின் முன்னோடிகள் இவர்கள்.

ஆய்வாளர் ஃபாரெல்

நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் வில்லியம் மேக்ஸ்வெல், ஹென்றி தெரு வகுப்பைக் கவனித்துவந்தார். ஃபாரெல் 1903இல் பிரிட்டன் சென்று அங்குள்ள சிறப்புப் பள்ளிகளைப் பார்வையிட்டுத் திரும்பினார். 1906இல் நிலைபிரிக்காத வகுப்புகளின் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். நகரில் எங்கே இத்தகைய வகுப்பு தொடங்கினாலும் அது அவர் பொறுப்பு. அதே காலத்தில் இசபெல் தாம்சன் ஸ்மார்ட் என்ற பெண் மருத்துவர் பிள்ளைகளைப் பரிசோதிக்க அமர்த்தப்பட்டார்.

ஃபாரெல் வகுத்த முறையில் சில ஏற்பாடுகள் கூர்ந்து பார்க்கத் தக்கவை. வகுப்பு தனிக் கட்டடத்தில் அல்லாமல், பிள்ளை ஏற்கெனவே படிக்கும் வழக்கமான பள்ளிக்குள்ளேயே இருந்தது. ஒரு வகுப்பில் பதினைந்து, பதினெட்டுப் பேர் அளவில்தான் இருந்தனர். தலைமையாசிரியர் ஒரு பிள்ளையைப் பரிந்துரைக்கலாம், ஆனால் ஆய்வாளரும் மருத்துவரும் பார்த்த பிறகே சேர்க்கை. இந்த மூன்றாவது ஏற்பாடு வெறும் அலுவலக நடைமுறைபோலத் தோன்றும். பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொல்லை தரும் பையனை வேறு அறைக்குத் தள்ளிவிட வேண்டும் என்ற ஆசை எந்தத் தலைமையாசிரியருக்கும் வரும். கதவைத் திறக்கும் சாவி அவர் கையில் மட்டும் இருந்தால் சிறப்பு வகுப்பு குப்பைத் தொட்டியாகிவிடும். சேர்க்கப்பட்ட பிள்ளை தேறினால் வழக்கமான வகுப்புக்குத் திரும்பலாம் என்ற வழியும் திறந்தே இருந்தது.

ஆசிரியர்கள்தான் பெரிய சிக்கல். பிள்ளைகளிடம் அன்பிருந்தால் போதாது, மரவேலையும் தெரிய வேண்டும், பேச்சுக் குறையும் புரிய வேண்டும். இதற்கெனப் பயிற்சி அப்போது எங்கும் ஒழுங்காக இல்லை. ஃபாரெல் பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தாமே பாடம் நடத்தினார். அவருடைய ஆசிரியர்கள் சங்கம் அமைத்து 1915 முதல் 'அன்கிரேடட்' என்ற இதழை வெளியிட்டனர். தனித்தனிப் பள்ளிகளில் ஒருவராக ஒதுங்கிக் கிடந்த சிறப்பாசிரியர்கள் ஒருவர் அனுபவத்தை மற்றவர் அறிய அந்த இதழ் உதவியது.

கடார்டின் 2 சதவீதம்

பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய உளவியலாளர் ஹென்றி கடார்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். பினேக்கு அது உதவி தேடும் கருவி. கடார்டின் கையில் அது தீர்ப்புச் சொல்லும் கருவியாயிற்று. அறிவுக் குறைவு பரம்பரையாக வருவது, மாறாதது, அத்தகையோரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1911–12இல் நியூயார்க் நகர நிர்வாகம் ஹார்வர்டு பேராசிரியர் பால் ஹேனஸ் தலைமையில் பள்ளிகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. நிலைபிரிக்காத வகுப்புகளை ஆராயும் பகுதி கடார்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகளைப் பார்த்தார், சில பிள்ளைகளைச் சோதித்தார். நகரப் பள்ளிப் பிள்ளைகளில் 2 சதவீதம், அதாவது சுமார் 15,000 பேர் அறிவுக் குறைவுடையோர் என்று மதிப்பிட்டார். இவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பது வீண், கைவேலையே போதும் என்பது அவர் கருத்து.

ஃபாரெலுக்கு இது இரு பக்கமும் கூரான கத்தியாக அமைந்தது. 15,000 என்ற எண்ணைக் காட்டினால் வகுப்புகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பணம் எளிதில் கிடைக்கும். ஆயினும் 1914இல் அவர் அந்த அறிக்கையை விமர்சித்து எழுதினார். மதிப்பீட்டுக்குக் கொண்ட அடிப்படை போதாது என்றார். சோதனை ஒன்றை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் விதியைத் தீர்மானிக்கலாகாது, உடல்நிலையும் குடும்பமும் பள்ளி வரலாறும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும் என்பது அவர் நிலை. அதோடு நிற்காமல், நிலைபிரிக்காத வகுப்புகளில் படித்து வெளியேறிய 350 பேர் என்ன ஆனார்கள் என்று தேடி விசாரித்து 1915இல் ஒரு முதற்கட்ட அறிக்கை வெளியிட்டார். அவர்களில் கணிசமானோர் கூலி பெற்று வேலை செய்துகொண்டிருந்தனர். வாழ்நாள் முழுவதும் காப்பகத்தில் வைக்க வேண்டியவர்கள் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் அப்போது எவரும் தரவில்லை. கடார்டே 1928இல் தம் பழைய முடிவுகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்றார். அறிவுக் குறைவு திருத்த முடியாதது அன்று, அவர்களைப் பொதுவாகப் பிரித்து வைக்க வேண்டியதும் இல்லை என ஒப்புக்கொண்டார்.

இங்கே ஃபாரெலைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. அவரும் தம் காலத்துச் சொற்களையே பயன்படுத்தினார். ஹென்றி தெருவின் முதல் வகுப்பு, பள்ளியில் ஒட்டாத எல்லாப் பையன்களுக்குமானது. துறை வளர வளர அது அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டுமானதாகச் சுருங்கியது. சேர்க்கையில் நுண்ணறிவு எண்ணின் பிடியும் இறுகியது. ஒரு வகுப்பில் ஆசிரியர் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். நகரம் முழுவதும் பரவிய வகுப்புகளை ஓர் அலுவலகத்திலிருந்து நடத்துபவருக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு தேவைப்படுகிறது, அந்த இடத்தில் சோதனை வந்து அமர்ந்துகொண்டது.

கழகமும் பின்வந்த காலமும்

1922 ஆகஸ்டில், கோடைக்காலப் பாடத்துக்காக ஆசிரியர் கல்லூரியில் கூடியிருந்த ஒரு சிறு குழு, ஃபாரெலைத் தலைவராகக் கொண்டு சிறப்புக் குழந்தைகளின் கல்விக்கான பன்னாட்டுக் கழகத்தைத் தொடங்கியது. அதன் நோக்கங்களில் முதலாவது, இக்குழந்தைகளை அடையாளம் காண்பதையும் வகைப்படுத்துவதையும்விட அவர்களுக்குக் கல்வி தருவதையே முன்னிறுத்துவது. கடார்டுடன் நடந்த வாதத்தின் எதிரொலி அதில் கேட்கிறது. ஃபாரெல் 1926 வரை தலைவராக இருந்தார், 1932இல் காலமானார். கழகம் வர்ஜீனியா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது.

நியூயார்க்கில் 1940களில் 'நிலைபிரிக்காத' என்ற பெயர் மறைந்தது. அதன் இடத்தில் மனவளர்ச்சியைக் குறிக்கும் நீண்ட பெயரும், அதன் நான்கெழுத்துச் சுருக்கமும் வந்தன. குறையைச் சொல்லாத பெயர் போய்க் குறையைச் சொல்லும் பெயர் வந்தது. உடற்குறை, மனக்குறை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான, தகுந்த பொதுக் கல்வி உரிமை என்ற கூட்டாட்சிச் சட்டம் 1975இல்தான் நிறைவேறியது. அதே ஆண்டு, கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளே மிகுதியாகச் சிறப்புப் பகல் பள்ளிகளில் தள்ளப்படுகின்றனர் என்று நியூயார்க் கல்வி வாரியத்தின் மீது 'லோரா' வழக்கு தொடரப்பட்டது. 1978இல் மாவட்ட நீதிமன்றம் வாரியத்தின் நடைமுறைகளைக் கண்டித்தது. மறு ஆண்டு தொடரப்பட்ட 'ஹோசே பி.' வழக்கின் புகார் இதற்கு நேர் எதிரானது. உதவி தேவைப்படும் பிள்ளைகள் பரிசோதனைக்கும் இடத்துக்கும் காத்துக் கிடக்கின்றனர் என்பது அது. தேவையற்றவரைத் தள்ளுவதும் தேவைப்பட்டவரைத் தவிர்ப்பதும் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில் நடந்தன. ஹோசே பி. வழக்கின் மேற்பார்வை பல பத்தாண்டுகள் நீடித்தது.

கடுமையான குறைபாடு உள்ள மாணவர்களுக்காக நகரில் இன்று 'மாவட்டம் 75' என்ற தனிப் பள்ளி மாவட்டம் உள்ளது. அதற்கென்று ஓர் எல்லைப் பகுதி கிடையாது, நகரம் முழுவதுமே அதன் எல்லை. அதன் வகுப்புகளில் பல, வழக்கமான பள்ளிகளின் கட்டடங்களுக்குள்ளேயே நடக்கின்றன.