நஞ்சு மருந்தான வரலாறு

வலக்கண் துடித்தால் ஆணுக்கு நன்மை, இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நன்மை என்று சகுனம் பார்ப்பது நம்மவர் வழக்கம். களைப்பினால் இமை சற்றே துடித்துத் தானாக நின்றுவிடுவது எல்லோருக்கும் உண்டு. ஆனால், இரு கண்களும் நம்மை மீறி இறுக மூடிக்கொண்டு திறக்க மறுத்தால் அது சகுனமன்று. இமை இழுப்பு என்னும் நோய். நடுவயதைக் கடந்த பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. பார்வை நன்றாகவே இருக்கும். ஆயினும் இமை திறவாதபோது சாலையைக் கடப்பது எப்படி, வேலைக்குப் போவது எப்படி?

1910இல் பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி மேஜ் இதனை விளக்கி எழுதினார். எனினும், நெடுங்காலம் இது மனக்கோளாறு என்றே பலரும் எண்ணினர்.

இதற்குக் கிடைத்த மருந்தோ ஒரு கொடிய நஞ்சு! நஞ்சின் கொடுமையைப் பாசிர் கூடாங் மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினால் அங்கே 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயினும், சேராங்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்கிய சித்த வைத்தியம் நமக்குப் புதிதன்று. அளவறிந்தவர் கையில் நஞ்சும் மருந்தாகும்.

ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தை உண்டு பலர் தசை தளர்ந்து மாண்டனர். 1820களில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து, நரம்பின் மிகையாட்டத்தை அடக்க இந்நஞ்சு உதவலாம் என்று அன்றே எழுதினார். 1895இல் பெல்ஜிய நாட்டில், இழவுக்கு வாசிக்க வந்த வாத்தியக்காரர்கள் பன்றி இறைச்சி உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். வான் எர்மெங்கம் என்ற அறிஞர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். 1970களில் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், அக்கிருமியின் நஞ்சை மிக நுண்ணிய அளவில் ஊசி வழியே செலுத்தி மாறுகண்ணைச் சீராக்க முயன்றார். பிறகு இமை இழுப்புக்கும் அது பயன்பட்டது. 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு இரண்டுக்கும் அனுமதி வழங்கியது.

‘சுருங்கு’ என்று நரம்பு தசைக்கு இடும் கட்டளையை இம்மருந்து தடுக்கிறது. கண்ணைச் சுற்றிச் சில இடங்களில் ஊசி போட்டால், சில நாள்களில் இமை தளரும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பலன் குறையும்; மீண்டும் போட வேண்டும். சிலருக்கு இமை தொங்கலாம், கண் உலரலாம். அவை நாளடைவில் சரியாகும். நோய் வேரோடு அகலாது. ஆனால் வழி தெரியக் கண் திறக்கும்.

ஆகவே, இமை மூடித் தவிக்கும் தாயையோ பாட்டியையோ பேய் பிடித்தவள் என்று பூசாரியிடம் இழுத்துச் செல்ல வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கண் நிபுணருக்குக் கடிதம் கேட்போம். இந்த ஊசி தேர்ந்த மருத்துவர் கையால் மட்டுமே போடத்தக்கது. அழகு நிலையத்தில் அன்று.