ஊசிக்காதும் கண்ணிமையும்

தமிழில் ஊசிக்கு இருப்பது காது. ஜெர்மன் மொழியிலும் ஊசித் துளையின் பெயர் காதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. பெயர் காதென்றாலும் அதில் நூல் கோக்க உழைத்தது எந்த ஊரிலும் கண்தான். இயந்திர எம்பிராய்டரியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவும் ஏற்றுமதியின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யாருடைய கண் எந்த வேலையைச் செய்தது என்று கேட்டுக்கொண்டே அதைப் படித்தால் வேறொன்று புலப்படும். முதலில் வந்த இயந்திரம் கண்ணின் பாரத்தைக் குறைக்கவில்லை. பெரியவர்களிடமிருந்து எடுத்துக் குழந்தைகளிடம் கொடுத்தது. நூல் அறுபடாமல் கண்டிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் பாரம் உண்மையில் குறைந்தது. அடிக்கடி கண்கட்டி வருகிறவரும், இமையோரம் சிவந்து செதில் கட்டுகிறவரும் இன்று இயந்திரத்தில் பூத்தையல் போட்டு மகிழ முடிகிறதென்றால், அதற்குக் கடன்பட்டிருப்பது அந்த இரண்டாவது மாற்றத்துக்கு.

அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரில் 1828இல் ஜோசுவே ஹைல்மான் உருவாக்கிய இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். அதில் துணி ஒரு சட்டத்தில் செங்குத்தாக விறைத்து நிற்கும். துணியின் இருபுறமும் வண்டிகள். அவற்றில் வரிசையாகச் சிறு இடுக்கிகள். ஊசிக்கு இரு முனையும் கூர், காது நடுவில். ஒரு வண்டி ஊசிகளைத் துணிக்குள் செலுத்த, மறுபக்க இடுக்கிகள் அவற்றைப் பற்றி இழுத்து, பின் திருப்பி அனுப்பும். இயக்குபவர் இடது கையால், ஆறு மடங்கு பெரிதாக வரைந்த கோலத்தின் மேல் ஒரு முள்ளை நகர்த்துவார். வலது கை சக்கரத்தைச் சுழற்றும். கால்கள் இடுக்கிகளைத் திறந்து மூடும். கையால் தைக்கும் பெண் செய்வதையே பின்னாளில் ஒரே நேரத்தில் 300க்கு மேற்பட்ட ஊசிகள் செய்தன. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் வட்டாரம் இதைச் சீர்செய்து எடுத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்பிராய்டரி அந்த நாட்டின் ஏற்றுமதியில் முதலிடத்துக்கு வந்திருந்தது. ஆனால் கைத்தையலை அப்படியே பின்பற்றியதால் அதன் குறையும் கூடவே வந்தது. ஊசி முழுவதும் துணியைக் கடந்து வெளியேற வேண்டியிருந்ததால் நூலை ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக வைக்க முடியவில்லை. அது தீர்ந்தவுடன் அத்தனை ஊசிகளையும் கழற்றி, புதிதாக நூல் கோத்து முடிச்சிட்ட ஊசிகளை மாட்ட வேண்டும். தைக்கிறவர் கோலத்தைப் பார்த்தால் போதும் என்றானது. ஊசிக்காதைப் பார்க்க வேறு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் பல வீடுகளில் தைப்பவரின் மனைவி. அதைவிட அதிகமாக அவர் பிள்ளைகள். 1877இல் சுவிட்சர்லாந்து இயற்றிய தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஆலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்து, வேலை நாளை 11 மணி நேரமாக வரையறுத்தது. ஐரோப்பாவில் அன்றைக்கு அது துணிச்சலான சட்டம். ஆனால் அது வீட்டுக்குள் நுழையவில்லை. கையால் இயங்கும் இயந்திரத்துக்கு நீராவி தேவையில்லை. ஆகவே இயந்திரம் வீட்டுக்குப் போனது, பிள்ளைகளும் அங்கே காத்திருந்தார்கள். பள்ளிக்கு முன்னும் பின்னும், இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியிலும் நூல் கோத்தார்கள். குழந்தைக்குப் பார்வை கூர்மை, விரல் மெல்லிது, அந்த வேலை அதற்கு எளிது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அருகில் பார்க்கும் திறன் தளர்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஊசி கோப்பது எளிது என்பதால் முந்நூறும் எளிதாகிவிடாது. ஒரு கட்டு கோத்து முடிப்பதற்குள் அடுத்த கட்டு காலியாகி வந்து நிற்கும்.

இங்கே ஒரு மருத்துவ மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இமையின் வீக்கமும் கட்டியும் கிருமியாலும் அடைபட்ட சுரப்பியாலும் வருகின்றன, வேலையால் வருவதில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகளை ஹைன்ரிஷ் மைபோம் 1666இலேயே விவரித்துவிட்டார். நுண்வேலை செய்பவர்களின் கண் கெடுவதை மருத்துவர் ராமசினி 1700இல் தம் தொழில்நோய் நூலில் எழுதினார். ஆனால் ஆழ்ந்து பார்ப்பதால் வரும் அயர்ச்சியில் பெரும்பகுதி, திருத்தப்படாத தூரப்பார்வைக் கோளாறால் என்று 1864இல் கண் மருத்துவர் டோண்டர்ஸ் காட்டினார். எனவே ஊசி கோத்ததால் கண்கட்டி வந்தது என்று நான் வாதிடவில்லை. என் வாதம் இதைவிடச் சிறியது. கண் எதையேனும் உற்று நோக்கும்போது இமை கொட்டுவது வெகுவாகக் குறைகிறது. இமை கொட்டும்போதுதான் சுரப்பியின் எண்ணெய் கண்மேல் பரவும். அது குறைந்தால் கண் உலர்ந்து உறுத்தும், கை தானாகக் கண்ணுக்குப் போகும், பஞ்சுத் துகள் படிந்த விரல் இமையைத் தேய்க்கும். ஆரோக்கியமான இமை இதைத் தாங்கிவிடும். ஏற்கெனவே அழற்சி உள்ள இமையால் தாங்க முடியாது. ஆகவே அப்படிப்பட்டவரைத் தொழில் நோயாளியாக்கியதா என்று கேட்பதைவிட, அவரைத் தொழிலுக்குள் நிற்க விட்டதா என்று கேட்பதே பொருத்தம். நூல் கோக்கும் வேலை விட்டிருக்காது.

விடை ஓபருஸ்வில் ஊரைச் சேர்ந்த ஈசாக் கிரோப்லியிடமிருந்து வந்தது. தையல் இயந்திரத்தைக் கண்டு 1863இல் அவர் ஊசிக்காதை நடுவிலிருந்து முனைக்கு மாற்றினார். ஊசி துணியைக் கடந்துபோக வேண்டியதில்லை. முனை நுழைந்து திரும்பினால் போதும். பின்னாலிருந்து சிறு படகு வடிவ நாடா ஒன்று அடிநூலைக் கொண்டுவந்து பூட்டும். அந்தப் படகின் பெயரே இயந்திரத்தின் பெயரானது: சிஃப்லி. நூல் கண்டிலிருந்து ஓடியது. அறுந்தாலோ தீர்ந்தாலோதான் மீண்டும் கோக்க வேண்டும். இதே பத்தாண்டில் பாரிசில் போனாஸ் என்பவரின் இயந்திரம் வேறு வழியில் இதே தீர்வுக்கு வந்து சேர்ந்தது. அதன் மூலம் நம் ஆரி வேலையின் கொக்கிதான். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன அந்தச் சங்கிலித் தையலிலும் நூல் துண்டாவதில்லை, கோப்பதற்குக் காதும் இல்லை. கல்யாண ரவிக்கைக்கு ஆரி போடுகிறவர்கள் கையில் இருப்பது அந்த அறிவின் பழைய வடிவம்.

சிஃப்லி ஆலைகளிலும் அறுந்த நூலைத் தேடிக்கொண்டு பெண்கள் நாளெல்லாம் இயந்திரத்தின் நீளத்தை நடந்தார்கள், விடுபட்ட தையலைக் கையால் நிரப்பினார்கள், அப்படியிருக்க விடுதலை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1898இல் கிரோப்லியின் மகன் துளையிட்ட அட்டைகளால் கோலத்தையும் இயந்திரத்திடம் ஒப்படைத்த பிறகும் அந்தக் காவல் ஓயவில்லை. ஆனால் நடந்துகொண்டு தொலைவில் பார்க்கும் கண்ணும், குனிந்து ஒரு சாண் தூரத்தில் துளையைத் தேடும் கண்ணும் ஒன்றல்ல. முதலாவதற்கு இமை கொட்ட இடமுண்டு. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று ஒதுக்குபவர்கள் இமை வீங்கிய நாளில் ஊசி கோக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களை நினைக்க வேண்டும்.

கணினி எம்பிராய்டரி இயந்திரம் 1990க்குப் பிறகு வீட்டு மேசைக்கு வந்தபோது கிரோப்லியின் முனைக்காது அதில் அப்படியே இருந்தது. கூடவே, நூலைத் தானே காதுக்குள் இழுத்துவிடும் சிறு கொக்கியும் பல மாதிரிகளில் சேர்ந்தது. கோலத்தைத் திரையில் வேண்டிய அளவு பெரிதாக்கிப் பார்க்கலாம்; நிறத்தைத் தேர்வதும், துணிக்கு ஏற்ற அடித்தாளை வைத்து வளையத்தில் இறுக்குவதும், தைத்து முடிந்ததும் விரலால் தடவிப் பார்ப்பதும்தான் தைப்பவரின் வேலை, அவர் மகிழ்ச்சியும். மேல்நூல் அறுந்தால் உணரி கண்டுகொண்டு இயந்திரத்தை நிறுத்தி ஒலி எழுப்பும். நடுத்தர அளவிலான பூ ஒன்றின் ஒரு நிறம் தைத்து முடியப் பத்து நிமிடம் ஆகலாம். இமை அழற்சிக்கு மருத்துவர்கள் சொல்லும் இளஞ்சூட்டு ஒத்தடத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே வேண்டும்; பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தபடி, இயந்திரத்தின் சீரான ஓசையைக் கேட்டுக்கொண்டே அதை முடித்துவிடலாம்.