அண்டக்கதிர்

விண்வெளியிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாய்ந்து வரும் அணுத்துகள்களுக்கு அண்டக்கதிர் என்று பெயர். காஸ்மிக் கதிர் என்றும் வழங்கும்.

'அண்டம்' வடசொல், முதற்பொருள் முட்டை. பிரபஞ்சத்தை முட்டை வடிவாகக் கண்ட பழங்கருத்தால் அப்பொருளும் சேர்ந்தது. 'கதிர்' தமிழ்ச்சொல், நெற்கதிரையும் நூல் நூற்கும் கருவியையும் ஒளிக்கீற்றையும் குறிக்கும்.

1912 ஆகஸ்டில் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். 1925-இல் அமெரிக்கரான ராபர்ட் மில்லிகன் இதற்குக் காஸ்மிக் கதிர் என்று பெயரிட்டார். காமாக் கதிர் போன்றது என்பது அவர் எண்ணம். பின்னர் பெரும்பகுதி புரோட்டான்கள் என்றும், ஹீலியம் முதல் இரும்பு வரையிலான அணுக்கருக்களும் கலந்திருக்கின்றன என்றும் தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

விண்கலத்தில் தடுப்பு அமைக்கும்போது, கதிர் வேறு, துகள் வேறு என்ற இந்த வேறுபாடு முக்கியமாகிறது. எக்ஸ் கதிரைத் தடுக்க ஈயம் போதும். அண்டக்கதிரோ கன உலோகத்தில் மோதினால் நியூட்ரான் முதலிய புதுத் துகள்களைச் சிதறடிக்கும். அதனால் ஹைட்ரஜன் மிகுந்த தண்ணீர், பாலிஎத்திலீன் போன்றவையே ஏற்றவை. நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 நிலவுப் பயணத்தில் (2022) அத்தகைய பாதுகாப்பு உடுப்பை ஒரு பொம்மைக்கு அணிவித்துச் சோதித்தார்கள்.

செவ்வாய்க்குச் சென்ற கியூரியாசிட்டி கலத்துக்குள் பதிவான கதிர்வீச்சு அளவு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். நாசா விண்வெளி வீரருக்கு வாழ்நாள் வரம்பு 600. போக வர 360 நாள் என்றால் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.