பீப்பாயின் இரண்டு முளைகள்



நம் ஓவேலிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1847-இல் நீலகிரியை அளந்து அறிக்கை எழுதியவர் ஜான் ஆக்டர்லோனி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. அவருடைய சகோதரர் ஜேம்ஸ் இந்தப் பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் போட்டார். அந்தக் குடும்பப் பெயரின் முதலெழுத்தே இன்றும் நம் ஊர்ப் பெயரில் நிற்கிறது.

காப்பியையும் தேயிலையையும் போல வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்குக் கொண்டுவந்த இன்னொரு தொழில் பீர் தயாரிப்பு. 1857-இல் தொடங்கிய காசில் புரூவரி நீலகிரியின் பழைய பீர் ஆலைகளுள் ஒன்று. 1915-இல் தாமஸ் லெய்ஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸை அமைத்தபோது அதுவும் அதில் சேர்ந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம் அது. சமவெளி வெயிலில் பீர் எளிதில் புளித்துக் கெட்டுவிடும். மலையின் குளிர் அதைக் காத்தது. பெரிய பீப்பாய்களில் அடைத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, படை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பீப்பாய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். முளைவிட்ட பார்லியைக் காய்ச்சி ஆறவைத்த சாற்றில் ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. திறந்த தொட்டியில் வாயு வெளியே போய்விடும். அது பீரிலேயே தங்க வேண்டுமானால், நொதித்தல் முழுவதும் அடங்குவதற்கு முன்பே பீப்பாயில் ஊற்றி, அல்லது சிறிது சர்க்கரை சேர்த்து, வாயை அடைக்க வேண்டும். வெளியேற வழியில்லாத வாயு பீரிலேயே கரைந்துவிடும். அழுத்தம் கூடக் கூட, கரையும் வாயுவும் கூடும் என்பதை 1803-இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில அறிஞர் கண்டறிந்தார். குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். இன்று எஃகுப் பீப்பாயைக் குளிரவைத்து, சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்துகிறார்கள். கருவி மாறினாலும் விதி அதேதான்.

இந்த வாயு தன்னளவில் குடிகாரனின் தோழன் அல்ல. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற போதகர், அங்கே தொட்டிகளின் மேல் தங்கும் வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். 1772-இல் அந்த முறையை எழுதி வெளியிட்டார். சோடாவின் கதை அங்கே தொடங்குகிறது. நம் பிள்ளைகள் விரலால் அழுத்தித் திறக்கும் கோலி சோடாவிலும், குண்டைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்திருப்பது இதே வாயுதான்.

அந்தக் காலத்து மரப்பீப்பாயைக் காத்தவர்கள் இரண்டு வகை முளைகளை வைத்திருந்தார்கள். ஒன்று மென்மையான மரத்தில் செய்தது. அதன் நுண்துளைகள் வழியே மிகுதி வாயு மெல்லக் கசியும். மற்றது கெட்டி மரம். அது எதையும் வெளியே விடாது. பீர் பொங்கிக்கொண்டிருக்கும்போது முதலில் மென்முளையைச் செருகுவார்கள். நுரை தள்ளும். துடைத்துவிட்டு மறுபடி வந்து பார்ப்பார்கள். கொந்தளிப்பு அடங்கியபின்தான் கெட்டி முளையை அடிப்பார்கள். முதலிலேயே கெட்டி முளையை அடித்தால் அடைப்பு பறக்கும், அல்லது பீப்பாயே விரியும். நம் வீட்டுக் குக்கரில் வெயிட்டும் பாதுகாப்பு வால்வும் எதற்கென்று அறிந்த தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடும்பங்களிலும் இதைத்தான் காண்கிறோம். பட்டா இல்லாத வீடு, கொழுந்துக்கு விலையில்லாத மாதம், வேலைக்குப் போகும் வழியில் யானை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். ஒரு மனிதர் எல்லாவற்றையும் உள்ளே அடைத்து வைக்கிறார். சம்பள நாளன்று மாலை கடைப்பக்கம் கால் போகிறது. குடித்தால் அழுத்தம் குறைகிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் பொங்கும் பீப்பாய்க்குள் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுகிறது. வெடிக்கும்போது அடி விழுவது மனைவி மேலும் பிள்ளைகள் மேலும்.

கெட்டி முளையை நம் நாடு அறியும். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது. சட்டம் வேண்டும், கண்டிப்பும் வேண்டும். ஆனால் பீடத்திலிருந்து நாமும் கெட்டி முளையை மட்டுமே அடித்து வந்தோம். திட்டினோம், வெட்கப்படுத்தினோம். வெட்கப்பட்டவர் கோவிலுக்கு வருவதை நிறுத்தினாரே தவிரக் குடிப்பதை நிறுத்தவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 40-ஆம் அதிகாரத்தில், பிறருக்குக் குடியின் அளவை வகுக்கவே தயங்குகிறார். அந்தத் தயக்கம் நமக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

மென்முளைக்கும் வரலாறு உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் நொந்த ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஒரு மருத்துவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் உள்ள ஏ.ஏ. குழுக்கள். அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கிறார்கள்.

நம் அன்பியங்களால் இது முடியாதா? அடுத்த சம்பள நாளன்று மாலை, நம் லைனில் தடுமாறும் ஒரு சகோதரரோடு வீடுவரை நடந்து போவோம். வழியில் அவர் பேசட்டும், நாம் கேட்போம். அவர் மனைவியிடமும் தனியே விசாரிப்போம். அடி வாங்குகிறவரைப் பொறுத்துப்போகச் சொல்வது மென்முளை அல்ல, முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்போம். நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே அவரை மருத்துவமனைக்கு நாமே கூட்டிச் செல்வோம்.

நுரை தள்ளினால் துடைத்துவிட்டு, மறுநாளும் போய்ப் பார்ப்போம்.