போர்க்காலத் தலைமுறையும் நமது விடுதலையும்

தனுஷ்கோடிக்குச் செல்லும் இறையியல் மாணவர்கள் அங்கே இடிந்து நிற்கும் ஆலயச் சுவர்களைக் கண்டு, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலைக் குறித்துப் பேசிக்கொண்டே திரும்புவது வழக்கம். அப்புயல் ஓர் ஊரை அழித்தது. அதனோடு ஒரு தலைமுறையின் வாழ்வுக்கு வாயிலாயிருந்த துறைமுகத்தையும் அழித்தது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் தன் பயணிகளைத் தனுஷ்கோடியில் இறக்கிவிட, நீராவிக் கப்பல்கள் அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்றன. வணிகரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் போதகரும் அவ்வழியே கடல் கடந்தனர். இன்று தண்டவாளமும் இல்லை, கப்பலும் இல்லை, அவ்வழியே சென்றவர்களை நேரில் அறிந்த முதியோரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். இரண்டாம் உலகப் போரை நேரில் கண்டவர் ஒருவரேனும் நமது சபைகளில் எஞ்சியிருப்பாராயின் அவர் தொண்ணூறு வயதை எட்டியவராயிருப்பார். விடுதலைக்குப் பின் பிறந்த நாம், விலை கொடாமல் பெற்ற ஒன்றை, விலையில்லாத ஒன்றாக எண்ணிவிடும் ஆபத்தில் இருக்கிறோம். ஆகவே இக்கரையிலிருந்து அத்தலைமுறையைத் திரும்பிப் பார்ப்பது ஈண்டு நமது நோக்கம்.

கரையை வந்தடைந்த போர்

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் தொடங்கிய போரில், இந்திய மக்களின் கருத்தைக் கேளாமலேயே இந்தியாவும் ஈடுபடுத்தப்பட்டது. தொடக்கத்தில் அது தொலைதூரச் செய்தியாகவே இருந்தது. இராமேசுவரத்தில் எட்டு வயதுச் சிறுவனாயிருந்த அப்துல் கலாம், போரினால் புளியங்கொட்டைக்குத் திடீரெனக் கிராக்கி ஏற்பட்டதையும், அதைச் சேகரித்து விற்றுச் சிறு காசு பெற்றதையும் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்ந்துள்ளார். புகைவண்டி இராமேசுவரத்தில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தம் உறவினருக்கு உதவியதே அவர் பெற்ற முதல் ஊதியம். ஒரு சிறுவனின் கைக்குப் போர் இவ்வாறு வந்து சேர்ந்தது.

1942இல் நிலைமை மாறிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8இல் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த இந்தியருள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் தாயகம் நோக்கி ஓடினர். கப்பலில் இடம் கிடையாத ஏழைகள் அரக்கான் மலைகளையும் அஸ்ஸாம் எல்லைக் காடுகளையும் கால்நடையாகவே கடந்தனர். வழியில் பசியினாலும் வாந்திபேதியினாலும் மாண்டவர் பல்லாயிரவர். அக்காலத்து இராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் உள்ளடக்கியிருந்தது. செட்டிநாட்டு வணிக இல்லங்களும் அவற்றில் வேலைபார்த்தோரின் எளிய குடும்பங்களும் பர்மாவை நம்பி வாழ்ந்தவை. ஆதலால் ரங்கூனின் வீழ்ச்சி இம்மாவட்டத்தின் வீடுகளில் நேரடியாக உணரப்பட்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் உயிர்த்தெழுதலின் திருநாள். அன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. நான்கு நாட்களுக்குப் பின் திருகோணமலையும் தாக்கப்பட்டது. சென்னையில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் திரள்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். மன்னார் வளைகுடாவுக்கு இப்பால் வாழ்ந்த மீனவரும் உப்பளத் தொழிலாளரும், தாங்கள் தேர்ந்துகொள்ளாத ஒரு போரின் விளிம்பில் நிற்பதை உணர்ந்தனர்.

ஆகஸ்டு 1942

அந்த ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் காங்கிரசுக் குழு 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடியுமுன்னரே தலைவர்கள் சிறைப்பட்டனர். தலைவர்கள் இல்லாத அவ்வேளையில் எழுந்தவர்கள் எளிய மக்களே. தேவகோட்டையில் நீதிமன்றம் தீக்கிரையாயிற்று. திருவாடானைச் சிறையில் வைக்கப்பட்டிருந்த இளைஞர் சின்ன அண்ணாமலையை, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து திரண்டு வந்த மக்கள் சிறையை உடைத்து விடுவித்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின, ஊர்கள் கடும் அடக்குமுறைக்கு ஆளாயின. விடுவிக்கப்பட்டவரின் பெயரை நாம் அறிவோம். விடுவிக்க வந்து மாண்டவர்களின் பெயர்களை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

மற்றொரு புறத்தில், ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர் தாமாகவே பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்திருந்தனர். வறுமையின் பொருட்டுச் சேர்ந்தோர் பலர். நாசிசத்தையும் ஜப்பானிய ஆதிக்கத்தையும் எதிர்ப்பது கடமை என நம்பிச் சேர்ந்தோரும் உண்டு. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்ற இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர். தாயகத்தையே கண்டிராத தமிழ்ப் பெண்கள் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். ஒரே மொழி பேசிய இளைஞர் இரு படைகளில் எதிரெதிராக நின்றனர். இவர்களுள் ஒரு சாராரை வீரர் என்றும் மறுசாராரைத் துரோகி என்றும் தீர்ப்பிடுவது எளிது. வரலாற்றாசிரியனும் மேய்ப்பனும் அவ்வளவு விரைவாகத் தீர்ப்பிடலாகாது என்பது எமது கருத்து.

கல்லறையில்லாத மக்கள்

படையிலும் சேராமல், சிறைக்கும் செல்லாமல், போரினால் விழுங்கப்பட்ட மூன்றாவது கூட்டம் ஒன்றுண்டு. 1942இலும் 1943இலும் ஜப்பானியர், தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள புகைவண்டிப் பாதையைக் காடுகளினூடே அமைத்தனர். அதில் வேலைசெய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ 2 லட்சம் அளவில் இருந்தனர். மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலி ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் இவர்களுள் பெருந்தொகையினர். கைதிகளுக்கு அவர்களுள்ளேயே படை மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். மாண்டவரின் பெயரைக் குறித்து வைத்தனர். தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய துணை இல்லை. மாண்டோர் எத்தனைபேர் என்பதையே இன்று மதிப்பீட்டால்தான் கூற முடிகிறது.

காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பாதையில் மாண்ட தமிழனுக்கோ அத்தகைய கல்லில்லை. 2023ஆம் ஆண்டில்தான் அந்நகரில் அவர்களின் நினைவாக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. இடையில் கழிந்தவை எண்பது ஆண்டுகள். இராமநாதபுரத்தின் வறண்ட சிற்றூர்களும் அக்காலத்தில் கடல் கடந்து சென்றோரின் தாயகங்களே. மகன் திரும்பி வருவான் எனக் காத்திருந்து, அவன் இறந்த நாளையும் அறியாமல் கண்மூடிய தாய்மாரை எந்த நினைவுச் சின்னமும் குறிப்பிடுவதில்லை.

அன்று திருச்சபை எங்கே நின்றது?

இவ்வினாவை நாம் தவிர்க்கலாகாது. பிரிட்டிஷார் அல்லாத அருட்பணியாளர், சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிவதாக உறுதி கூறிய பின்னரே இந்தியாவில் பணியாற்ற இயன்றது. அந்நிழலில் வளர்ந்த நமது சபைகளுள் பல, அரசருக்காக மன்றாடுவதையே அரசியற் கடமை முழுவதுமாகக் கருதின. அயலார் சிறை சென்றபோது அவை விலகி நின்றன. சிறுபான்மையினரின் அச்சம் இதற்கு ஒரு காரணம். கல்வியையும் மருத்துவத்தையும் தந்தவர்பால் கொண்ட நன்றியுணர்வு மற்றொரு காரணம். காரணங்களை விளங்கிக்கொள்வது வேறு. அவற்றைக் கொண்டு நம்மை நாமே நீதிமான்களாக்கிக்கொள்வது வேறு.

எனினும் வேறு வழியில் நடந்தோரும் நம்மிடையே இருந்தனர். தஞ்சையிற் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா, சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்று 1930இல் கூறிய பேராயர் வெஸ்ட்கட்டுக்கு மறுப்புரைத்தார். 1942 இயக்கத்தில் சிறைப்பட்டவர், இயேசுவின் போதனைகளைப் பற்றிய தம் நூலைச் சிறையிலேயே எழுதினார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கைத்தான், காந்தியவாதிகளோடு கொண்ட நட்பினால் 1930இலும் பின்னர்ப் போர்க்காலத்திலும் இந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. விடுதலைக்குப் பின் திரும்பி வந்து சிற்றூர்ப் பணியில் தம்மை ஈடுபடுத்தினார். இராமநாதபுரத்து சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், இராமேசுவரத்திலிருந்து வந்த இஸ்லாமிய மாணவரான கலாமுக்குத் தன்னம்பிக்கையூட்டிய ஐயாத்துரை சாலமன் என்னும் ஆசிரியரும் இவ்வரிசையில் வைக்கத்தக்கவரே. விடுதலை பெறும் நாட்டுக்குக் குடிமக்களை உருவாக்குவதும் விடுதலைப் பணியன்றோ?

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் டெல்லியில் கொடி ஏறியபோது, காந்தியடிகள் கல்கத்தாவில் உண்ணாநோன்பிலும் மன்றாட்டிலும் அந்நாளைக் கழித்தார். 43 நாட்களுக்குப் பின், செப்டம்பர் 27இல், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. நமது திருச்சபையும் நமது நாடும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. ஆயினும் திருச்சபை நாளை நன்றியுடன் ஆசரிக்கும் நாம், ஆகஸ்டு 15ஐக் கொடியேற்றத்தோடும் இனிப்போடும் முடித்துவிடுகிறோம்.

முடிவுபெறாத விடுதலை

விடுதலை ஒரே நாளில் எல்லாருக்கும் வந்துவிட்டது என்று எண்ணுவதற்கு இக்கரையின் வரலாறு இடங்கொடுப்பதில்லை. 1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தினால், மண்டபம் முகாமில் தடுத்துச் சோதிக்கப்பட்டும் தனுஷ்கோடியில் கப்பலேறியும் சென்ற தொழிலாளரின் சந்ததியார், ஏறத்தாழ 7 லட்சம் பேர், நாடற்றவராயினர். ஒரு நாட்டின் விடுதலையே அந்நாட்டை உழைத்து வளர்த்தோரின் உரிமையிழப்பாக முடிந்தது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் மனிதர்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தமையால், தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். 1983க்குப் பின்னர் அகதிகள் படகுகளில் வந்தனர். பாட்டனார் வெளியேறிய மண்டபத்திலேயே பேரர்களுக்கு முகாம் அமைந்தது. 2021இல் அரசு அத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றிற்று. ஆயினும் அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை பெறாதோர் இன்னும் உளர்.

நம் நாட்டிற்குள்ளும் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச்சு வரை நெருக்கடிநிலை நிலவியது. அந்நிய ஆட்சி அன்று இல்லை. நாமே தேர்ந்தெடுத்த ஆட்சியில்தான் பேச்சுரிமையும் தனியாள் உரிமையும் பறிக்கப்பட்டன. அப்போதும் திருச்சபைத் தலைவருள் பெரும்பாலோர் மௌனமாயிருக்க, மார்த்தோமாத் திருச்சபையின் யூஹானோன் மெட்ரோபாலிட்டன் பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். 1942இல் மௌனமாயிருந்ததற்கு வெளிநாட்டு மிஷனைக் காரணங்காட்டினோம். 1975இல் யாரைக் காரணங்காட்டுவது?

கற்களும் பெயர்களும்

தாம் கட்டாத பட்டணங்களிலும் தாம் நடாத தோட்டங்களிலும் இஸ்ரவேலர் குடியேறித் திருப்தியடையும்போது, தங்களை அடிமைத்தனத்தினின்று மீட்டவரை மறந்துவிடலாகாது என உபாகமம் 6ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. யோர்தானைக் கடந்தபின் பன்னிரண்டு கற்களை நாட்டுமாறு யோசுவாவுக்குக் கட்டளை உண்டாயிற்று. அவற்றின் நோக்கம் அலங்காரமன்று. பிள்ளைகள் பிற்காலத்தில் அவற்றைக் கண்டு கேள்வி கேட்கவேண்டும், தந்தையர் விடை சொல்லவேண்டும் என்பதே. கல் இருந்தும் விடை சொல்லத் தந்தைக்குத் தெரியாவிடில் அது வெறுங்கல்லே.

ஆகவே ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நமது சேகரங்களில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் உள்ளன. 1939 முதல் 1947 வரையிலான பக்கங்களைத் திறந்து பாருங்கள். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ சென்றவர் என்ற குறிப்பு எங்கேனும் இருக்கலாம். திருமுழுக்குப் பதிவும் திருமணப் பதிவும் இருந்து, அடக்கப் பதிவு இல்லாத பெயர்களைத் தனியே எழுதி வையுங்கள். அவருட் சிலர் எங்கே மறைந்தனர் என அவர்தம் குடும்பத்தாரிடம் விசாரியுங்கள். எஞ்சியுள்ள முதியோரை இவ்வாண்டே சந்தியுங்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாகாது. சபையாரின் பெயர்களோடு நின்றுவிடாமல், அயலாரான இந்து, இஸ்லாமியக் குடும்பங்களின் நினைவுகளையும் கேட்டு எழுதுங்கள். விடுதலை நாளுக்கு முந்திய ஞாயிறு ஆராதனையில் அப்பெயர்களை வாசித்து நன்றி செலுத்துங்கள். ஆராதனை முடிந்தபின், மறுவாழ்வு முகாமில் வாழ்வோருக்கு நமது சபை இவ்வாண்டு என்ன செய்யும் என்பதை அதே கூட்டத்தில் தீர்மானியுங்கள். இறந்தோரின் பெயரை வாசித்து, உயிரோடிருப்போரை மறப்பது நினைவுகூர்தல் ஆகாது.

போர்க்காலத் தலைமுறை நமக்குத் தந்த விடுதலை, அவர்கள் அனுபவித்து மிஞ்சியதன்று. அவர்களிற் பலர் அனுபவியாமலே விட்டுச்சென்றது. அதைக் காத்து, இன்னும் பெறாதவர்க்கு எட்டச்செய்வதே நாம் தீர்க்கவேண்டிய கடன்.